மரத்துக்கு மட்டும் பெண் வேண்டும்

எங்கள் வீட்டுக்காரர் செருப்போடு அடுப்படிக்குள் நுழைந்தது இத்தனை வருஷத்தில் இரண்டே முறை. ஒருமுறை கிணற்று மோட்டார் புகைந்தபோது. இன்னொருமுறை ஜாதிக்காய் மரத்தில் முதல் பூ வந்தபோது. இந்த வாரம் அந்த இரண்டாவதைச் சொல்கிறேன்.

நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வெளிர் மஞ்சளில் நாலைந்து பூக்கள், ஒரே காம்பில் கொத்தாக. ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. தொட்டால் மெழுகு மாதிரி வழவழப்பு, நல்ல வாசனை.

“கனி, பூத்துருச்சு பாரு. ஏழு வருசம்.”

அவர் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பூவை எடுத்து நகத்தால் கீறிப் பிளந்தேன். உள்ளே நடுவில் ஒரு குச்சி, அதில் மகரந்தத் தூள். அவ்வளவுதான். பிஞ்சு பிடிக்கிற சூல்பையைக் காணோம்.

“என்னங்க,” என்றேன், “இது பையனுங்க.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் குரல் கொடுத்தார். “என்னது பையன்? யாருக்கு?”

“மரத்துக்கு அத்தை.”

“அட கெரகமே” என்றார் மாமியார்.

‘பையன்’ என்ற சொல்லைக் கேட்டு அவர் சலித்துக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெந்நீர் பிளாஸ்க்

நான் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளம் பக்கத்து விவசாயி. தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தவரை நான் எப்படிக் கட்டிக்கொண்டேன் என்பதைச் சில வாரங்களுக்கு முன்பே எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுபடியும் வேண்டாம்.

மாமியாருக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. ஆனாலும் பசி என்று என்னை ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை. மூத்தவள் கவிதா பிறந்தபோது, “சரி, மொதப் புள்ள, மகாலட்சுமி” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இளையவள் சத்யா பிறந்தபோதுதான் வந்தது வினை.

ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்தார். “பொண்ணா, பையனா?” என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். “பொண்ணு” என்றார் நர்ஸம்மா. பிளாஸ்க்கை பெஞ்சில் வைத்துவிட்டு, குழந்தையைப் பார்க்காமலே அடுத்த பஸ் பிடித்து ஊர் போய்விட்டார். பிளாஸ்க்கில் வெந்நீர் மறுநாள் வரைக்கும் சூடாக இருந்தது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பதினாறாம் நாள்தான் பேத்தியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு குறையும் வைக்காமல்தான் வளர்த்தார். ஆனால் கோபம் வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் வரும். “ரெண்டும் பொட்டப்புள்ளையா பெத்துப் போட்டுட்ட.” நான்தான் கடையில் போய்ப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்த மாதிரி.

உருண்டை விதை, நீள விதை

இனி மரக்கதை. எங்கள் தென்னந்தோப்பின் நிழலில் ஊடுபயிராக ஜாதிக்காய் வைக்கலாம் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எல்லாரும் நர்சரியில் ஒட்டுச்செடி வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்காரர் வாங்கவில்லை.

“வெதை எடுக்கத் தெரியாதவன் என்ன வெவசாயி?” என்றார். கத்தரி, பீர்க்கன், அவரை எல்லாவற்றுக்கும் சாம்பலில் புரட்டி விதை எடுத்து வைக்கிற வீடு இது. அந்தப் பெருமையை ஜாதிக்காய் மரத்துக்கும் நீட்டிவிட்டார்.

விதை வேண்டாம் என்று நான் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் எஸ்டேட் நர்சரியில் வேலை பார்த்தவள் நான். தேயிலையில் விதை போடுகிற வழக்கமெல்லாம் அப்போதே குறைந்துவிட்டது. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலை, ஒரு கணு, விரல் நீளத் தண்டு. சாய்வாக ஒரே வெட்டு. பாலித்தீன் பையில் மண் போட்டு நட்டு, நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். தாய் எப்படியோ அப்படியே பிள்ளை. தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே தெரிந்த மலைச்சரிவு முழுக்க ஒரே செடிதான் என்று சூப்பர்வைசர் சொல்வார். ஆயிரக்கணக்கான தூர் இருக்கும், ஆனால் செடி ஒன்றுதான்.

விதை அப்படியில்லை. அப்பன் பாதி, ஆத்தாள் பாதி. எந்தப் பாதி எப்படி வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலும் ஜாதிக்காய், பனை மாதிரி. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பெண் மரத்தில்தான் காய். விதை போட்டு முளைத்தது எது என்பது பூக்கும்வரை தெரியாது. பூக்க ஏழு வருஷம்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றார் அவர். லாரி ஓட்டின காலத்து சிநேகிதர் ஒருவர் ரகசியம் சொல்லியிருந்தாராம். உருண்டை விதை போட்டால் பெண், நீள விதை போட்டால் ஆண். மலையடிவாரத்தில் ஒரு நல்ல மரத்தடியில் உட்கார்ந்து உருண்டையாகவே பொறுக்கி எடுத்து வந்தார். கோலிக்குண்டு பொறுக்குகிற மாதிரி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துப் பொறுக்கினாராம். முளைத்து நின்றது முப்பது கன்று.

உருண்டை முகமாக இருந்தால் பெண் குழந்தை என்று வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்த்துச் சொல்வார்களே, அந்த ரகம்தான் இதுவும். சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

தயிருக்கு அப்பா கிடையாது

மரங்கள் பூக்கத் தொடங்கிய அந்த வருஷம் சத்யா கோயம்புத்தூரில் லேப் டெக்னீசியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வாளையார் லாரி நெரிசலில் மாட்டி, பசியோடு வந்து சேருவாள். வந்ததும் தயிர்ச்சோறு வேண்டும்.

மாமியாரின் தயிருக்கு எங்கள் தெருவில் நல்ல பேர். உறைமோர் தீர்ந்தது என்று அவர் யாரிடமும் போய் நின்றதில்லை. விளக்கு வைத்த பிறகு யாருக்கும் உறைமோர் கொடுக்கவும் மாட்டார். சூரியநெல்லிக் குளிரில் நாங்கள் அடுப்போரமாக வைத்தால்தான் பால் உறையும். இங்கே சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். வந்த புதிதில் நான் எத்தனை தடவை கெடுத்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சத்யா பாட்டியிடம் ஆரம்பித்தாள். “ஆத்தா, இந்தத் தயிர்ல இருக்கற பாக்டீரியாவுக்கு ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. ஒண்ணு ரெண்டா உடையும். ரெண்டு நாலாகும். நீ ராத்திரி ஒரு கரண்டி ஊத்தறே, காலைல சட்டி நெறைய ஆயிடுது. அத்தனையும் முதல்ல இருந்ததோட நகல்தான்.”

“கல்யாணங் காச்சி ஒண்ணும் வேண்டாமா?” என்றார் மாமியார்.

“ஒண்ணும் வேண்டாம். ஆனா அதுங்க சும்மாவும் இருக்காது. சிலது பக்கத்துல இருக்கறதுக்குத் தன்கிட்ட இருக்கற குணத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கும். நீ பக்கத்தூட்டுக்கு உறைமோர் குடுக்கற மாதிரி. அப்படித்தான் ஒரு கிருமிக்கு மருந்து கேக்காமப் போனா, இன்னொண்ணுக்கும் கேக்காமப் போகுது.”

“வெளக்கு வெச்ச பொறகுமா குடுக்கும்?”

“எப்ப வேணும்னாலும் குடுக்கும் ஆத்தா.”

“சாஸ்திரம் தெரியாத சாதி” என்றார் மாமியார். சத்யாவுக்குப் புரையேறிவிட்டது.

அந்தச் சிரிப்பிலேயே அவள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். “மரத்துல ஆணா பொண்ணான்னு யார் முடிவு பண்றாங்கன்னு எனக்குத் தெரியல. மனுசங்கள்ல அப்பாதான். அம்மாகிட்ட இருந்து ஒரே வகைதான் வரும். அப்பாகிட்ட இருந்து ரெண்டுல எது வருதோ, அதுதான் பொண்ணா பையனாங்கறது.”

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “இதையும் என்ற தலைல கட்டிட்டீங்களா?”

மாமியார் மறுநாள் காலையில் மோர் கடையும்போது என்னைப் பார்க்காமலே கேட்டார். “அவ சொன்னது நெசமா?”

“நெசந்தான் அத்தை. நானும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்.”

“படிச்சவ அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

சொன்னால் அன்றைக்குக் கேட்டிருப்பாராக்கும். நான் வெண்ணெயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை வாள்

ஒரு மழை, ஒரு வெயில் கழிவதற்குள் முப்பது மரமும் பூத்து முடித்தன. நானும் அவரும் ஒவ்வொரு மரமாகப் பூவைப் பிளந்து பார்த்தோம். கொத்துக் கொத்தாக ஒல்லியாக வந்தால் ஆண். தனித்தனியாக, அடி பருத்து வந்தால் பெண். ஆணுக்குச் சிவப்புப் பெயின்ட், பெண்ணுக்கு வெள்ளை.

சிவப்பு பத்தொன்பது. வெள்ளை பதினொன்று.

அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை. ஏழு வருஷம் சொட்டுநீர் விட்டு, தென்னை மட்டை விழுந்து ஒடியாமல் காத்த மரங்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒட்டுக்கன்று புதிதாக நட்டால் மறுபடி முதலிலிருந்து. ஊரில் வேறு, “உருண்டை வெதைக்காரர்” என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“காய்க்காத மரத்துக்குத் தண்ணி எதுக்கு? வெட்டிப்போடு” என்றார் மாமியார். திங்கட்கிழமை மெஷின் வாளோடு ஆள் வருவதாக ஏற்பாடு ஆகிவிட்டது.

எனக்கு அந்த மரங்களை விட மனசில்லை. வேர் ஆழமாகப் போய், நன்றாக ஊன்றி நிற்கிறது. குறை மேலேதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடம் போய் நின்றேன்.

“வாள்காரர் வரட்டும். ஆனா வேரோட வேண்டாம். இடுப்புயரத்துல வெட்டச் சொல்லுங்க. தண்டு துளிர்க்கும். அந்தத் துளிர்ல நம்ம பெண் மரத்துக் கொம்பை நான் ஒட்டறேன். கீழ ஆணா இருந்தாலும் மேல வர்றது பொண்ணுதான்.”

“உனக்கு ஒட்டத் தெரியுமா?”

“வெட்டத் தெரியும். ஒட்டறதை விவசாய ஆபீஸ்ல கேட்டுக் கத்துக்கறேன்.”

“பிடிக்கலைன்னா?”

“பிடிக்கலைன்னா அப்பறம் வேரோட எடுத்துக்குங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

ஒரு வார்த்தை பேசாமல் நான் இருப்பேன் என்பதை அவர் நம்பியிருக்க மாட்டார். ஆனாலும் சரி என்றார். இரண்டு ஆண் மரத்தை மட்டும் அப்படியே விடச் சொன்னேன். மகரந்தம் இல்லாமல் பெண் மரம் எங்கே போய்க் காய்க்கும்? முழுக்க ஆணை வெட்டிவிட்டு, பூத்தும் பிஞ்சு பிடிக்காமல் முழித்த தோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

“அப்ப ரெண்டு ஆம்பளை போதும்ங்கற” என்றார்.

“பதினொண்ணுக்கு ரெண்டு தாராளம். வீட்டுக்கு ஒண்ணே போதும்” என்றேன். இரண்டு நாளைக்கப்புறம் அவர் சிரித்தது அப்போதுதான்.

என் பங்குக்கு ஒரு தப்பு

பெண் மரங்கள் பதினொன்றில் ஒன்று தனி. காய் பெரிது, கொட்டை மேல் படர்ந்த ஜாதிபத்திரி கெட்டி, ரத்தச் சிவப்பு. எங்கள் வீட்டுக்காரரின் உருண்டை விதையில் வந்ததுதான். விதை நடாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு மரம் உலகத்தில் இருந்திருக்காது. அதை அவரிடம் அன்றே சொல்லியிருக்கலாம், நாலு மாதம் கழித்துத்தான் சொன்னேன். எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு.

அந்த மரத்திலிருந்து கொம்பு எடுத்து, மழைக்காலத்தில் முதலில் ஆறு மரத்தில் ஒட்டினேன். பாலித்தீன் நாடா சுற்றி, ஈரம் போகாமல் மூடி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தினம் போய்ப் பார்த்தேன். ஆறும் பிடித்தது. எஸ்டேட்காரி கை என்றால் சும்மாவா என்று தோப்புக்குள் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த வருஷம் பார்த்தால், ஆறும் மேலே போகவில்லை. பக்கவாட்டில் கை நீட்டிப் படர்ந்து குடை மாதிரி கவிழ்ந்து நின்றன.

தேயிலைப் புத்தி. தேயிலையில் எந்தக் கொம்பை எடுத்தாலும் செடி செடிதான். ஜாதிக்காயில் அப்படியில்லை. பக்கத்துக் கொம்பை எடுத்து ஒட்டினால் ஆயுசுக்கும் பக்கக் கொம்பாகவே வளரும். நேராக நிற்கிற கொம்பை எடுத்தால்தான் மரம் நேராக ஏறும். நான் கைக்கு எட்டினதை ஒடித்திருந்தேன்.

வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “மரம் கேட்டா தேயிலைச் செடி வளத்து வெச்சிருக்கற” என்றார். ஏழு வருஷக் கடனை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.

வெட்டி நிறுத்தின மீதிப் பதினொரு ஆண் மரத்துக்கும், அந்தத் தனி மரத்தில் ஏணி போட்டு ஏறி, நேர்க்கொம்பாகத் தேடித் தேடி எடுத்து ஒட்டினோம். அவர் கொம்பு ஒடித்துக் கொடுக்க, நான் சீவினேன். இரண்டு பட்டுப்போனது, ஒன்பது பிடித்தது. படுத்து வளர்ந்த ஆறை என்ன செய்வது என்று கேட்டேன். “இருக்கட்டும். உன்ற ஊரு ஞாபகத்துக்கு” என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலி

அப்புறம் காத்திருப்பு. ஒட்டுக்குக் கீழே, பழைய ஆண் தண்டிலிருந்து துளிர் வந்துகொண்டே இருக்கும். விட்டால் அது மேலேறி ஒட்டின கொம்பை அமுக்கிவிடும். தினம் ஒடித்துவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காலில் கட்டுப்போட்டிருந்தது, ஒன்றரை மாதம் தோப்புப் பக்கம் போகவில்லை. படுத்து வளர்ந்த ஆறு மரங்களில் ஓரமாக நின்ற ஒன்றில் புதர் மாதிரி துளிர் மண்டி, எது ஒட்டுக் கொம்பு, எது பழைய கொம்பு என்றே தெரியாமல் போய்விட்டது. ஒரு கொம்பை மட்டும் விட்டு மற்றதை எடுத்தேன். விட்டது சரியான கொம்புதானா என்று எனக்கே சந்தேகம்.

அந்த மரத்தடிதான் மாமியாருக்குப் பிடித்த இடம். இப்போது எண்பதை நெருங்குகிறார். தோளை மேலே தூக்க முடியாது. சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், படர்ந்த கிளை அவர் மடிக்கு நேரே வந்து நிற்கும். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு நாள், “கனி, இங்க வா” என்று கூப்பிட்டார். குரலில் அவசரம். விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன்.

கிளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலைக்கணுவில் ஒரே ஒரு பூ. விரிந்தும் விரியாமலும்.

“எனக்குக் கண்ணு தெரியல. பொண்ணா, பையனா?”

அந்தக் கேள்வி. அதே குரல், அதே அவசரம். எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சு ஞாபகம் வந்தது. பூவைப் பிளக்க மனசு வரவில்லை. ஓரத்து இதழை மட்டும் நகத்தால் விலக்கிப் பார்த்தேன். அடி பருத்திருந்தது. குச்சி இல்லை. உள்ளே பச்சையாக, உருண்டையாகச் சூல்பை.

“பொண்ணுதான் அத்தை.”

மாமியார் சிரித்தார். பல்லில்லாத வாயை முழுக்கத் திறந்து சிரித்தார். வரப்பில் வந்துகொண்டிருந்த மகனைப் பார்த்து, “டேய் நாச்சிமுத்து, பொண்ணுடா” என்றார். அவர் அங்கேயே நின்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் துடைத்தேன் என்று அவர் சொல்வார்.

மாமியாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்யாவுக்குப் போனைப் போடு” என்றார்.

சத்யா இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அது ட்யூட்டி நேரம். ஆனாலும் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தேன்.

“கண்ணு, பொண்ணு பொறந்திருக்குது.”

“யாருக்கு ஆத்தா?” என்றாள் சத்யா, பதறிப்போய்.

“நம்மூட்டுக்குத்தான்” என்றார் மாமியார். “இருவத்தஞ்சு வருசத்துக்கு முன்னாலயே பொறந்துருச்சு. நாந்தான் பாக்காம பஸ் ஏறிட்டேன்.”